லினக்ஸ் நம் வீட்டுக்கு வந்த மாதம்

கண்ணு,

தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கிறது, உன் அத்தை தினமும் ஒரு புது உறவினர் பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து சேர்க்கச் சொல்கிறார். இத்தனை வேலைக்கு நடுவே அம்மா எதற்காக உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நீ நினைப்பாய். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் என்ன பேசுவேன் என்று உனக்கே தெரியும். சாப்பிட்டாயா என்பேன், அங்கே மழையா என்பேன், அதற்குப் பிறகு போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். முக்கியமானதை எல்லாம் எழுதிச் சொல்லியே பழகியவள் நான். வெள்ளகோவிலில் எங்கள் வீட்டில் எனக்கு முன்பு யாரும் கல்லூரிப் படியேறியதில்லை. ஏறிய நானும் மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட வகுப்பில் கை தூக்கவில்லை. பரீட்சைத் தாளில் மட்டும்தான் பேசினேன், அதற்கே பட்டம் கொடுத்துவிட்டார்கள். இதையும் அந்த மாதிரி ஒரு தாள் என்று வைத்துக்கொள். நீ மட்டும் படித்து மடித்து வைத்துவிடாதே. நீ கட்டப்போகிற நிவேதாவும் படிக்கட்டும், வேண்டுமானால் சொந்தக்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவிலும் போடு. அப்பாவிடம் முழுவதையும் படித்துக் காட்டிவிட்டேன். இரண்டு இடத்தில் முறைத்தார், ஒரு இடத்தில் சிரித்தார், எதையும் எடுக்கச் சொல்லவில்லை.

நம் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நீ பிளஸ் டூ முடித்த வருடம் அது நம் சிங்காநல்லூர் வீட்டுக்கு வந்தது. உனக்காக வாங்கியது. நீ அதில் ஏதேதோ செய்வாய், நான் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே பார்ப்பேன். ஒரு சட்டையை நான் நான்கு தடவை பிரித்து மடித்ததை நீ கவனித்ததே இல்லை. கேட்டுக் கற்றுக்கொள்ளக் கூச்சம். பார்த்துக் கற்றுக்கொள்ள எனக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. நீ காலேஜ் போன பிறகு பகலில் அது சும்மா கிடந்தது. கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்ரைட்டிங் முடித்திருந்தேன், விரல்கள் மறக்கவில்லை. பீளமேட்டில் இருக்கும் டியூஷன் சென்டருக்குத் தமிழ் வினாத்தாள் தட்டிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, நீதான் எனக்குத் தெரியாமல் என் பெயரைச் சொல்லிவிட்டு வந்தாய். அன்று உன்னைத் திட்டினேன். அதற்கும் சேர்த்து இன்று நன்றி சொல்கிறேன். அந்த சென்டர் சார் முதல் நாள் போனிலேயே என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டார். நான் டீச்சர் இல்லைங்க என்று சொல்ல வாயெடுத்தேன், கூச்சத்தில் வரவில்லை. அந்தப் பெயரே எனக்கு நிலைத்துவிட்டது. இன்னார் மகள், இன்னார் சம்சாரம், இன்னார் அம்மா என்று கூப்பிட்டுக் கேட்ட காதுக்கு, என் வேலையை வைத்து ஒருவர் கூப்பிட்டது எப்படி இருந்தது என்று இந்தத் தாளில்கூட எனக்கு எழுத வரவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர்தான் இந்த வருடம் தினமும் காலையில் ஒரு செய்தி காட்ட ஆரம்பித்தது. அக்டோபரோடு இந்த விண்டோஸுக்குப் பாதுகாப்பு முடிகிறது, அடுத்த விண்டோஸை ஏற்ற இந்த இயந்திரத்துக்கு வழியில்லை என்று. நீ பெங்களூரிலிருந்து லீவில் வந்தபோது காட்டினேன். "தூக்கிப் போட்டுட்டு ஒரு லேப்டாப் வாங்கிக்கலாம்மா" என்றாய். எனக்கு மனம் வரவில்லை. ஓடுகிற ஒன்றை எதற்குத் தூக்கிப்போட வேண்டும்? அதன் சத்தம் எனக்குத் தெரியும். மூச்சு வாங்குகிறதா, சும்மா முனகுகிறதா என்று சமையலறையில் இருந்தே சொல்லிவிடுவேன். நீ கொஞ்ச நேரம் யோசித்து, "அப்ப விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுத் தர்றேன், இதே மிஷின் இன்னும் பல வருசம் ஓடும்" என்றாய். போட்டால் பழையது எல்லாம் அழிந்துவிடும் என்பதால் என் வினாத்தாள்களை வேறொரு டிஸ்கில் எடுத்து வைத்தாய். பென்டிரைவில் இருந்தே லினக்ஸை ஓடவிட்டுக் காட்டினாய். என் வினாத்தாள் அதில் திறக்கிறதா பார்த்துவிட்டு அப்புறம்தான் அழிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். திறந்தால், ஒன்பதாம் வகுப்புத் தமிழ்த்தாள் முழுக்க ஆங்கில எழுத்தும் கமாவும் புள்ளியுமாக, எறும்பு கலைந்த மாதிரி கிடந்தது. நீ சிரித்துக்கொண்டே பழைய எழுத்துருவைக் கொண்டுவந்து உள்ளே போட்டாய், அடுத்த நொடி திருக்குறள் பகுதி திருக்குறளாகவே நின்றது.

அப்பா பட்டறையில் இருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "ஏன்டா, கல்யாணத்த வெச்சுக்கிட்டு ஊட்டுக்குள்ள எதுக்கு புதுசு புதுசா எறக்கறே?"

"இலவசம்ப்பா."

"ஓசில வர்றவன் எத்தன நாளைக்கு நிப்பான்?"

உன் அத்தைக்கு வேறு கவலை. மத்தியானம் நம் வீட்டுக்கு வந்து அந்தக் கம்ப்யூட்டரில் சீட்டு அடுக்கி விளையாடுவது அவருக்கு ஒரு பூஜை மாதிரி. லினக்ஸிலும் அதே ஆட்டம் இருக்கிறது என்று நீ திறந்து காட்டினாய். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதென்ன சாமி, ராஜா மொகரையே மாறிப்போச்சு. இந்த ராணிய எனக்கு யாருன்னே தெரியாது" என்று எழுந்துவிட்டார். அவர் அன்று கோபத்தில் காபியைக்கூட முழுவதும் குடிக்கவில்லை.

நீயோ பொறுமையாக என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாய். இல்லை, நாற்காலியில் என்னை உட்காரவைத்து நீ கட்டிலுக்குப் போனாய். "நீயே அழுத்தும்மா" என்றாய். மொழி, ஊர், விசைப்பலகை எல்லாம் அது கேட்கக் கேட்க நானே தேர்ந்தெடுத்தேன். கடைசியில் டிஸ்கை முழுவதும் அழிக்கவா என்று கேட்ட இடத்தில் என் விரல் நின்றது. திரும்பிப் பார்த்தேன், நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். அழுத்திவிட்டேன்.

நீ பெங்களூருக்குத் திரும்பிய பிறகு எல்லாம் சுகமாகத்தான் போனது. முன்பு அதை ஆன் செய்துவிட்டுப் போய் வெங்காயம் உரித்துவிட்டு வரலாம். இப்போது முந்தானையைச் செருகுவதற்குள் தயாராக நிற்கிறது. பிரிண்டரை மாட்டினேன், எந்தக் கேள்வியும் கேட்காமல் அதுவே அடையாளம் கண்டுகொண்டது. காலாண்டு விடுமுறை முடிந்ததும் வைக்கிற தேர்வுக்கான தாள்களை சார் அனுப்பியிருந்தார். பாதிக்கு மேல் தட்டிவிட்டேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். பட்டறையில் லேத்துகளைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து முடித்து, மீந்த சந்தனக் கிண்ணத்தோடும் பொரி, கடலையோடும் வீட்டுக்கு வந்தார். பைக், தையல் மிஷின், மிக்ஸி, பிரிட்ஜ், மோட்டார் சுவிட்ச் என்று ஒன்று விடாமல் வைத்தார். அருவாமணைக்கும் வைத்தார். நான் சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது என்பதால் கம்ப்யூட்டர் சும்மா இருந்தது. மறுநாள் விஜயதசமி, நல்ல நாளில் ஆரம்பிப்போம் என்று குளித்துவிட்டு வந்து பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரையில் கம்பெனி முத்திரை வந்தது, பட்டென்று அணைந்துவிட்டது. மறுபடி அழுத்தினேன். மறுபடி விளக்கு, விசிறி, முத்திரை, இருட்டு.

அன்று காலை நம் வீட்டில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு கொலை நடந்துவிட்டது, கொலைகாரன் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

"நாஞ் சொன்னனல்லோ, ஓசில வந்தவன் நிக்கமாட்டான்னு" என்றார் அப்பா.

"அந்த ராணி மூஞ்சியப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்" என்றார் அத்தை.

உனக்குப் போன் செய்தேன். விடுமுறை நாளிலும் அலுவலகத்தில் இருந்தாய், மெதுவாகப் பேசினாய். "லினக்ஸ்ல அப்படி வராதும்மா" என்றுதான் ஆரம்பித்தாய். அப்புறம் நீயே, "ஒருவேளை அப்டேட் ஏதாவது ஆகி கோளாறு ஆயிருக்குமோ" என்றாய். பார், கொண்டுவந்து சேர்த்தவன் நீ, உனக்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் அதற்காக நிற்க முடியவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. நானும் அன்று காலையில் மனதுக்குள், பழகிய விண்டோஸே இருந்திருக்கலாமோ என்று நினைத்தவள்தான்.

சிறிது நேரத்தில் சார் கூப்பிட்டார். "டீச்சர், திங்கக்கெழம காலைல பசங்க கையில தாள் இருக்கணுங்க. உங்களுக்கு முடியலீன்னா சங்கடப்படாதீங்க, இங்கயே டிடிபி கடைல குடுத்துக்கறேன். இனிமேலும் அங்கயே குடுத்தாலும் சரிதான், உங்களுக்கும் கல்யாண வேல இருக்குமல்லங்க?" நல்ல மனிதர், நல்லதுக்காகத்தான் சொன்னார். எனக்கு அந்த "இனிமேலும்" மட்டும் காதிலேயே நின்றது. அப்பா தன் பங்குக்கு உதவி செய்ய நினைத்து, தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் பேசிவிட்டு வந்தார். "சாயந்தரம் வாராப்ல. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு பழைய விண்டோஸே ஏத்திரலாம்னு சொல்லிப்போட்டாரு. நீ ஒண்ணும் கவலப்படாத அம்மணி." நீ எடுத்து வைத்த டிஸ்கில் இருந்தவை பழைய தாள்கள். நான் புதிதாகத் தட்டியது எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். அதை அழித்தால் திங்கட்கிழமை என் கையில் ஒன்றும் இருக்காது. இதைச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. சரிங்க என்றேன்.

மத்தியானம் அப்பா பட்டறைக்குப் போன பிறகு தனியாக அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு நம் கிரைண்டர் ஞாபகம் வந்தது. சமையலறை மூலையில் இன்றும் நிற்கிற அதே கிரைண்டர்தான். நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், வீடு நிறைய உறவினர்கள். காலையில் உன் அத்தை அரிசியை அள்ளிப் போட்டு சுவிட்சைத் தட்டினார். மோட்டார் இரைந்தது, கல் அசையவில்லை. நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அதுவரை அந்தக் கிரைண்டரை நான் தொட்டதுகூட இல்லை. ஆனால் அத்தனை கண்ணும் என் பக்கம் திரும்பின. "புதுப்பொண்ணு வந்த நேரம் கல்லே நின்னுபோச்சு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தமாஷுக்குத்தான் சொன்னார்கள். சாயந்தரம் உன் அப்பா பெல்ட் அறுந்திருந்ததைப் பார்த்து வேறு பெல்ட் மாட்டினார், கல் சுற்றியது. சொன்ன சொல்லை மட்டும் யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் பல வருடத்துக்குப் பால் திரிந்தாலும், பஸ் தவறினாலும், "கிரைண்டரையே நிறுத்துனவளாச்சே" என்று ஒரு சிரிப்பு வரும். நானும் சேர்ந்து சிரித்துக்கொள்வேன். அப்படித்தான் எல்லோரும் பழகிக்கொண்டோம்.

தொடாத கிரைண்டரை நான் எப்படி நிறுத்தியிருக்க முடியும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நான் லினக்ஸுக்காகக் கேட்டேன். பட்டனை அழுத்தி உன்னிப்பாகப் பார்த்தேன். விளக்கு, விசிறி, கம்பெனி முத்திரை. அதற்கு அப்புறம்தானே கண்ணு லினக்ஸின் முகம் வரும்? அது வருவதற்கு முன்பே அணைகிறது. அது இன்னும் எழுந்திருக்கவே இல்லை. எழுந்திருக்காத ஆள் மேல் காலையில் இருந்து பழி போட்டுக்கொண்டிருக்கிறோம். அப்படியானால் அதற்கு முன்னால் என்ன இருக்கிறது? பெட்டி, மின்சாரம், பட்டன். பட்டன் மேல் அழகாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். காலையில் இருந்து அதன் மேலேயே விரலை வைத்துத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன். பட்டனைச் சுற்றியுள்ள இடுக்கு முழுக்கச் சந்தனம் வழிந்து காய்ந்து இறுகியிருந்தது. அழுத்தினால் உள்ளே போகிறது, உடனே வெளியே வராமல் ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் வருகிறது. தொங்கிப்போன கம்ப்யூட்டரை அணைக்க, பட்டனை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று நீ எப்போதோ செய்ததைத் துணி மடித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். இங்கே யாரும் பிடிக்கவில்லை, சந்தனம் பிடித்துக்கொண்டிருந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காது துடைக்கிற பட்ஸை லேசாக நனைத்துப் பிழிந்து அந்த இடுக்கைச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். மஞ்சள் மஞ்சளாக வந்தது. நன்றாகக் காயவிட்டேன். அழுத்திப் பார்த்தேன், டக்கென்று வெளியே வந்தது. பிளக்கை மாட்டி ஆன் செய்தேன். முத்திரை வந்தது, போனது, அதற்கு அப்புறம் லினக்ஸ் வந்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி. நான் தட்டிய தாள்கள் எல்லாம் விட்ட வரியிலேயே காத்திருந்தன. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது, ஆனால் சிரிப்புத்தான் வந்தது.

சாயந்தரம் அப்பா மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு வந்தார். தீர்ப்பைக் கேட்க அத்தையும் வந்துவிட்டார். நான் அப்போது ஏழாம் வகுப்புத் தாளின் கடைசிப் பக்கத்தில் இருந்தேன். மூவரும் கதவில் நின்று பார்த்தார்கள்.

"ஏனுங்கம்மணி, ஓடுதே?" என்றார் மெக்கானிக்.

எனக்கு விளக்கிச் சொல்ல வரவில்லை. மஞ்சளேறிய பட்ஸை எல்லாம் ஒரு சாஸரில் வைத்திருந்தேன். அதை எடுத்து நீட்டினேன். "பட்டனுக்குள்ள இருந்துச்சுங்க" என்றேன். மெக்கானிக் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார்.

"எத்தனையோ வைரஸ் பாத்திருக்கறனுங்க. வாசமா இருக்கற வைரஸ இப்பத்தானுங்க பாக்கறேன்."

அப்பா பட்டனைப் பார்த்தார், பட்ஸைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார். "வட்டமா, எடுப்பா, நெத்தியாட்டவே இருந்துச்சு. அதான் அங்க வெச்சுப்போட்டேன்" என்றார்.

அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட கெரகமே! செஞ்சது நீயி, காத்தாலிருந்து வாயில வந்ததெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டது அந்தப் புதுசா?"

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன். உன் அப்பா சிரிக்கவில்லை. அந்தச் சாஸரை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டார். அப்புறம் அத்தையைப் பார்த்து, "அக்கா, அந்தக் கிரைண்டர் பெல்ட்டும் நாந்தான்" என்றார்.

"எந்தக் கிரைண்டரு?"

"இவ வந்த வாரம் நின்னுதல்லோ, அதுதான். பட்டறைல டிரில்லிங் மிஷினுக்கு அவசரமா பெல்ட்டு வேணுமுன்னு, கல்யாணத்துக்கு முன்னாடியே நல்ல பெல்ட்டக் கழட்டிட்டுப் போயி, இத்துப்போனத மாட்டி வெச்சிருந்தேன். ஒறம்பரை சனமெல்லாம் சிரிச்சதுல சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. அப்பறம் சொல்லிக்கலாமுன்னு உட்டுட்டேன்."

எனக்கும் அது அப்போதுதான் தெரியும். அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தன வருசமா ஒரு வார்த்த சொன்னானா பாரு. ஏம்மணி, நானே எத்தன தடவ சொல்லிச் சிரிச்சிருக்கறேன்" என்றார். "போகுதுங்க அண்ணி" என்றேன். அவர் போகவிடவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். "செரி, அந்தப் புது ராணிய எடு. அவளையும் பழகித்தான் பாக்கலாம்" என்றார்.

தாள்கள் ஞாயிற்றுக்கிழமையே போய்ச் சேர்ந்தன. அரையாண்டுத் தாள்களும் எனக்குத்தான் வரும் என்று சார் சொல்லிவிட்டார். இந்தக் கடிதத்தையும் அதே கம்ப்யூட்டரில்தான் தட்டுகிறேன்.

இப்போது உனக்குச் சொல்ல வந்தது. கல்யாணம் முடிந்து நிவேதா ஒரு மாதம் நம் வீட்டில் இருக்கப்போகிறாள். நம் வீட்டில் இருப்பவை எல்லாம் பழைய சாமான்கள். அந்த மாதத்தில் ஏதாவது ஒன்று நிச்சயமாக நிற்கும். மோட்டார் நிற்கலாம், பிரிட்ஜ் நிற்கலாம், உன் அப்பாவின் பைக் வாரத்துக்கு ஒரு தடவை எப்படியும் நிற்கும். அப்போது எல்லாக் கண்ணும் யார் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியும். யாரும் கெட்டவர்கள் இல்லை, கண்ணு. பழகியவற்றின் மேல் சந்தேகம் வருவதில்லை, அவ்வளவுதான். நீ அப்போது எங்கேயும் பார்க்காதே. அவள் பக்கத்தில் போய் நில். காரணம் தெரிந்தால் சொல். தெரியாவிட்டால், தெரியாது, பார்க்கிறேன் என்று சொல். காரணம் நீயாகவே இருந்தால் அன்றைக்கே, அத்தனை பேரும் இருக்கும்போதே சொல்லிவிடு. ஒரு தமாஷுக்காக யாரோ சொன்னதை அவள் சிரித்துக்கொண்டே சுமந்து திரிய வேண்டாம். பெங்களூரில் அவளுடைய வீட்டார் வந்து தங்கும்போது நீதான் அங்கே புதியவன். அப்போது அவளும் உனக்காக இதையே செய்வாள்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா பட்டறைக்குப் போகவில்லை. சமையலறையில் கிரைண்டரைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கவர்கூடப் பிரிக்காத புது பெல்ட். கழற்றி வைத்திருந்த பழையதை நான் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தேன்.

"இது நல்லாத்தானுங்க இருக்குது. இன்னும் ரெண்டு வருசம் ஓடும். இப்ப எதுக்கு மாத்தறீங்க?"

அவர் நிமிர்ந்து பார்க்காமல் போல்ட்டை முடுக்கிக்கொண்டே சொன்னார்.

"மருமக வாராளல்லோ."

உன் அம்மா